கன்னி மூலையில் உறுமல்

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஸ்பீக்கர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது சவுண்டு ஆள் இல்லை, வாஸ்து. வடகிழக்கு ஈசானிய மூலை. அங்கே ஒரு துரும்பைக்கூட வைக்க விடமாட்டார்கள். தென்மேற்கு கன்னி மூலை. பாரமெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். சேலத்திலிருந்து நாமக்கல் வரை எந்த மண்டபத்தில் போய் இறங்கினாலும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே மேலாளர் இதைச் சொல்லிவிடுவார். மேடை மேற்குச் சுவரை ஒட்டிக் கிழக்கே பார்த்து இருக்கும். எங்கள் மெல்லிசைக் குழுவை மணமக்கள் நாற்காலிக்குத் தெற்கே ஒதுக்குவார்கள். ஆக, இரண்டு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்குகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி கன்னி மூலைக்குப் போகும். அதற்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் நிற்பார்.

அவர் வாசிப்பது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஊன்றி, நெஞ்சோடு அணைத்து, தந்தியை விரலால் சுண்டி வாசிக்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தவர்களிடமிருந்து கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. குட்டியானை வண்டியில் அதைப் படுக்க வைத்துக் கொண்டுபோய் இறக்கும்போதெல்லாம் யாராவது வந்து, "இது என்னங்க, வயலினுக்குப் பாட்டனுங்களா?" என்று கேட்பார்கள். அவரும் சளைக்காமல், "ஆமாங்க, பேரன் படிக்கப் போயிருக்கறான்" என்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம், சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பேஸைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் அவர் ஒரு ஆளாக நிற்பார். மற்ற நேரத்தில் ரேஷன் கடை வரிசையில்கூட யாராவது இடித்துத் தள்ளினால் பின்னால் போய் நின்றுகொள்கிற மனுஷன்.

ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் உட்காருவது நான். என் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தவர். புளிய மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற வீட்டில் பிறந்ததால் வயர் எனக்குப் பழக்கம். சம்பளம் இல்லாத ஆள் வேண்டும் என்றுதான் என்னைக் கட்டிக்கொண்டதாக இவர் எல்லோரிடமும் சொல்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அது உண்மைதான், நான் மறுத்ததில்லை.

பேஸ் உறுமுவதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது காற்று அடைத்த பெரிய மரப்பெட்டி. தந்திகளைத் தாங்குகிற குதிரைக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்ன வில்லை செருகியிருக்கும். அது அதிர்வை எடுத்து மிக்சருக்கு அனுப்பும். மிக்சர் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தால், அது போடுகிற சத்தம் திரும்பவும் மரத்தை ஆட்டும். அந்த ஆட்டத்தைப் பிக்கப் மறுபடி எடுத்து அனுப்பும். சுற்றிச் சுற்றிப் பெருகி, அவர் தந்தியிலிருந்து கையை எடுத்த பிறகும் பேஸ் தானாக உறுமிக்கொண்டிருக்கும். மைக் கூவினால் ஜனங்கள் முகத்தைச் சுளித்துவிட்டுச் சிரிப்பார்கள். பேஸ் உறுமினால் யாரும் சிரிப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லோடு லாரி ஸ்டார்ட்டில் நிற்கிற மாதிரி நெஞ்சுக்கூடு அதிரும். கைக்குழந்தைகள் வீரிட்டு அழும்.

இதை அடக்குவதுதான் என் வேலையில் பாதி. பேஸின் முகத்தில் எஃப் எழுத்து வடிவில் இரண்டு பிளவுகள் உண்டு. லாரி சீட்டு தைக்கிற கடையில் வாங்கிய ஃபோமை வெட்டி அவற்றில் அடைப்பேன். மிக்சரில் கனத்த அடிமட்டச் சத்தத்தை வெட்டுவேன். அந்த மண்டபம் எந்தச் சுருதியில் உறுமுகிறதோ அதை மட்டும் தேடிப் பிடித்து, மெல்லிசாகக் கிள்ளி எடுப்பேன். ஃபேஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை மாற்றினால் ஸ்பீக்கர் தள்ளுகிற நேரத்தில் பேஸ் இழுக்கும், சில சமயம் சண்டை ஓய்ந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம் பெட்டியை அவருக்கு முன்னால் தூரமாகத் தள்ளி வைப்பதுதான். அதற்குத்தான் வாஸ்து குறுக்கே நிற்கும்.

நான் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். மேலாளர் கன்னி மூலையைக் காட்டியதும், "ஏனுங்கய்யா, கரண்டுன்னா அக்கினிதானுங்களே?" என்று கேட்பேன்.

"ஆமா அம்மிணி."

"அப்ப ஸ்பீக்கரு அக்கினி மூலைப் பக்கம்தானுங்க இருக்கோணும்?"

தென்கிழக்கு அக்கினி மூலை. தெற்குச் சுவரோடு பெட்டியைக் கிழக்கே நகர்த்திக்கொண்டே போனால் அது அவருக்கு முன்னால், நல்ல தூரத்தில் வந்துவிடும். மனுஷர் தாடையைத் தடவிக்கொண்டு, "அப்பப் பாரத்துக்கு என்ன பண்றதுங்க?" என்பார். பந்திக்கு வந்த அரிசி மூட்டைகளைக் கன்னி மூலையில் அடுக்கச் சொல்வேன். அடுக்குவார்கள். எத்தனையோ மண்டபங்களில் என் வீட்டுக்காரர் அரிசி மூட்டைக்கு முன்னால் நின்று நிம்மதியாக வாசித்திருக்கிறார். அரிசி மூட்டை உறுமாது.

இந்த நிம்மதி குலைந்தது ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியபோது. நாமக்கல்லில் ஒரு வரவேற்பு. இரண்டாவது பாட்டு நடுவில் அவர் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார். உறுமுகிறது, குறை என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் குறைத்தேன். அடுத்த பாட்டில் மறுபடி அதே கை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினேன். பேஸ் சுத்தமாக இருந்தது. அவரோ என்னை முறைத்துக்கொண்டே வாசித்தார். ஒரு பாட்டில் தந்தியை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டு நின்றுவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் சண்டை பிடித்துக்கொண்டது.

"ஏம்புள்ள, உன்ற காதுல என்ன பஞ்சு வெச்சிருக்கறயா?"

"உறுமவே இல்லீங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நான் அப்புடிச் சொன்னனா? எனக்குக் கேக்கலைன்னுதான் சொன்னேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். உனக்குக் கேக்க மாட்டேங்குது."

என்னைக் கோபக்காரி என்று சொல்லலாம், வாயாடி என்று சொல்லலாம். காது கேட்காதவள் என்று சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அது என் தொழில்.

அதன் பிறகு எல்லா நிகழ்ச்சியிலும் இதே கூத்து. அவர் கையை அழுத்த அழுத்த நான் வெட்டிக்கொண்டே போனேன். கடைசியில் பேஸ் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. குழுத் தலைவர் பாடகர், எங்களைவிட வயதில் சின்னவர். "அக்கா, அண்ணன் வாசிக்கறாரா, சும்மா நிக்கறாரா? ஒண்ணுமே கேக்கலீங்க" என்று அவர் ஒரு பக்கம் என்னைக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஊரே கேட்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லையோ என்று வீட்டில் மிக்சி ஓடும்போதும் குழாயில் தண்ணீர் விழும்போதும் காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்தேன்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டு, அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அடிமட்டச் சத்தங்கள் வந்தபோது மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் கேட்டது. பரிசோதித்த பெண் சிரித்துக்கொண்டே, "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குதுங்கக்கா" என்றாள்.

வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. சந்தோஷப்பட வேண்டிய சேதி அது. ஆனால் என் காது நன்றாக இருக்கிறதென்றால், அவருக்குக் கேட்பது என்ன? ஏற்காட்டுப் பக்கம் போகிற வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. என் காது கெட்டுத் தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். மிக்சருக்கு வேறு ஆள் கிடைக்கும். அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

வீட்டுக்குப் போய் நான் எதையும் சொல்லவில்லை. கவனிக்க மட்டும் செய்தேன். எப்போதும் இடது காதில் போனை வைத்துப் பேசுகிறவர் இப்போது வலது காதில் வைத்துப் பேசினார். எப்போது மாறினார் என்று எனக்குத் தெரியவில்லை. பேஸை அணைத்து நிற்கும்போது அதன் கழுத்து அவருடைய இடது காதை உரசுகிற மாதிரிதான் இருக்கும். இத்தனை வருஷமும் அந்தக் காதால்தான் அவர் அதைக் கேட்டு வந்தார்.

உண்மை வெளியே வந்தது எருமப்பட்டியில். ஒரு தோட்டத்து வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. வாசலில் பந்தல் போட்டு, மத்தியான விருந்துக்கு எங்களை வைத்திருந்தார்கள். சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் மறுபடி கையை அழுத்தினார். நான் குறைத்தேன். அப்போது பட்டென்று கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் போயிருந்தார். மிக்சரில் ஒரு விளக்குகூட இல்லை. ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் செத்துப்போயின. பந்தலில் அமைதி. காது குத்திய குழந்தை மட்டும் உள்ளே விசும்பிக்கொண்டிருந்தது.

அவர் பேஸைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார். "குறைங்கறேன், குறைக்க மாட்டேங்கற. பாரு, இன்னும் உறுமிக்கிட்டே இருக்குது."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மிக்சரை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

"கரண்டே இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. பந்தல் ஓரத்தில் வைத்திருந்த மின்விசிறியைப் பார்த்தார். அது கடைசிச் சுற்று சுற்றி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இது என்ன சத்தம் புள்ள?" என்று கேட்டார்.

"என்ன சத்தமுங்க?"

"ஊம்முனு. இந்தா, இப்பவும்."

ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? அவருக்குக் கேட்கிறதே. பேஸின் தோளில் இருந்த அவர் கையைப் பிடித்தேன். விரலெல்லாம் சில்லென்று இருந்தது.

அவரை நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதே கண்ணாடி அறை. வெளியிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது காதுக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். இடது காதுக்கு மாறியபோது விரல் பொத்தான் மேல் அப்படியே கிடந்தது. அடிமட்டச் சத்தம் எதுவும் அந்தக் காதில் விழவில்லை. உள்காதில் நீர் அழுத்தம் கூடிவிட்டது, அதனால்தான் வெளியிலிருந்து வருகிற சத்தம் குறைந்து உள்ளே ஒரு இரைச்சல் கேட்கிறது, தலைச்சுற்றலும் வரலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார். சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், இன்னொரு காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குணமாகுமா என்றதற்குச் சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், சொல்ல முடியாது என்றார்.

"வாசிக்கலாமுங்களா?" என்று இவர் கேட்டார்.

"வாசிக்கலாம். ஆனா..." என்று டாக்டர் தொடங்கினார். "வாசிக்கலாம்" என்பதோடு இவர் எழுந்துகொண்டார். ஆனாலுக்குப் பிறகு வந்ததையெல்லாம் நான்தான் உட்கார்ந்து கேட்டேன்.

எருமப்பட்டியில் நடந்ததைக் குழுத் தலைவரும் பார்த்திருந்தார். வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் கடைக்குப் போயிருந்த நேரம்.

"அக்கா, நான் மோசமானவன் இல்லீங்க. ஆனா பார்ட்டி முன்னாடி மானம் போவுது. கீபோர்டுக்காரர் எடது கையிலயே பேஸ் போட்டுருவார். அண்ணன் மேல இருக்கற மரியாதைக்குத்தான் பொறுத்துக்கிட்டிருக்கறேன். இனி ஒருக்கா ப்ரோக்ராம் நடுவுல அது உறுமினாலும் சரி, அவரு நிறுத்தினாலும் சரி, அன்னியோட முடிச்சுக்கலாமுங்க."

அவரைத் திட்டி அனுப்பலாம் என்று வாய் வரை வந்தது. திட்ட முடியவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். சண்டை போடாமல் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. இனி எந்த உறுமல் கேட்டாலும் அவர் கையை அழுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது. என்னைப் பார்க்க வேண்டும். நான் தலையை ஆட்டினால் அது அவர் காதுக்குள் இருப்பது. கண்டுகொள்ளாமல் வாசிக்க வேண்டும். நான் கையைத் தூக்கினால் மட்டும் அது வெளியே இருப்பது. தந்தியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தன் வாசிப்பு தனக்குக் கேட்பதற்காக அவர் காலடியில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரையும், காதுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டேன். அவர் உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, "உன்ற சமையலு இப்பத்தான் ஒழுங்கா இருக்குது" என்று என்னைக் கேலி செய்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

அது வேலை செய்தது. முதல் சில நிகழ்ச்சிகளில் பாட்டுக்குப் பாட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டுவேன், அவர் தொடர்வார். போகப் போகப் பார்ப்பது குறைந்தது. இரைச்சலோடு வாழப் பழகிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மஞ்சள் வியாபாரி வீட்டுக் கல்யாணம். புது மண்டபம். காலையில் முகூர்த்தம், மத்தியானம் வரவேற்பு. உள்ளே நுழைந்ததுமே கன்னி மூலையைத்தான் பார்த்தேன். மண்டபத்தின் சொந்த ஸ்பீக்கர் பெட்டியை அங்கே மேடை கட்டி, சிமெண்டில் பதித்து, மேலே மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். வெளி ஸ்பீக்கரை உள்ளே விட மாட்டார்களாம், எங்கள் மிக்சரை அதில்தான் இணைக்க வேண்டுமாம். மேலாளரிடம் என் அக்கினி மூலைக் கதையை எடுத்தேன்.

"அதெல்லாம் வாஸ்துக்காரரை வெச்சுப் பாத்துத்தான் பதிச்சிருக்குதுங்க. பதிச்ச சாமானை அசைக்கக் கூடாதுங்க அம்மிணி" என்றார். அரிசி மூட்டைக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை.

இவரை வடக்குப் பக்கம் நிறுத்தலாம் என்றால் அங்கே பெரிய டிவித் திரையை நிறுத்தியிருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிக்கு நேர் முன்னால்.

"இன்னிக்கு வேண்டாமுங்க. ஒடம்பு செரியில்லைன்னு சொல்லிப்போடலாம்" என்றேன்.

"ஒடம்பு நல்லாத்தான இருக்குது. உறுமினா நீ கையத் தூக்கு. நான் பிடிச்சுக்கறேன்" என்றார். மணமகன் வீட்டுக்காரர்கள் அதற்குள் பேஸுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு பிளவிலும் ஃபோமை இறுக்கி அடைத்தேன். பொத்தானை மாற்றினேன், அடிமட்டத்தை வெட்டினேன், சோதனை பார்த்தபோது உறுமிய சுருதியைக் கிள்ளினேன். காலி மண்டபத்தில் அடங்கித்தான் இருந்தது. ஜனம் நிறைந்து, மற்ற வாத்தியமெல்லாம் சேர்ந்து, எல்லாச் சத்தத்தையும் ஏற்றிய பிறகுதான் மூன்றாவது பாட்டில் அது மெல்ல எழுந்தது. என் காலுக்கடியில் தரையில் முதலில் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார்.

உறுமல் பெருகியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்தினார். பாடிக்கொண்டிருந்த குழுத் தலைவர் வரியை விடாமல் என் பக்கம் தலையைத் திருப்பினார். நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். இவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. காதுக்குள் இருப்பதுதான் என்று நினைத்துக்கொண்டார். கண்டுகொள்ளாமல் வாசிக்கச் சொன்னது நான்தானே, அதைத்தான் செய்தார். சுற்றிலும் இருக்கிறவர்களெல்லாம் நெளிகிற அந்தச் சத்தத்தின் நடுவில் அவர் மட்டும் அமைதியாகத் தாளம் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

மிக்சரில் அவருடைய பேஸ் வருகிற சேனலை முழுக்கக் கீழே இறக்கினேன். மண்டபம் அடங்கியது. குழுத் தலைவர் கீபோர்டுக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். கீபோர்டுக்காரரின் இடது கை பேஸ் வாசிக்கத் தொடங்கியது. ஜனங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த பாட்டில் மெல்ல ஏற்றிப் பார்த்தேன். விரல்கடை அளவு ஏறியதும் தரை மறுபடி அதிர்ந்தது. இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் ஏற்றவில்லை.

அவருக்கு அது தெரியாது. காலடியில் மானிட்டர் இல்லை. மரம் நெஞ்சில் அதிர்கிறது, கீபோர்டு பேஸ் ஸ்பீக்கரில் வருகிறது. இரண்டும் சேர்ந்து அவருக்குத் தன் வாசிப்பாகவே கேட்டிருக்கும். நான் ஹெட்போனை மாட்டி, அவர் சேனலின் மேலே இருக்கிற சின்னப் பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கருக்குப் போகாத சத்தமும் அதில் எனக்கு மட்டும் கேட்கும். மனுஷன் அப்படி வாசித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் அவ்வளவு நிதானமாக வாசித்து நான் கேட்டதில்லை. மண்டபம் நிறைந்த ஜனத்தில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். வரவேற்பு முடியும்வரை கழற்றாமல் கேட்டேன். கண்ணைத் துடைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று துடைக்கவும் இல்லை.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது குழுத் தலைவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, இனி எப்பவும் இன்னிக்கு மாதிரியே வெச்சுக்கங்க. அண்ணனும் நிக்கட்டும். பார்ட்டிக்காரங்களுக்குப் பேஸ் மேடையில இருந்தா ஒரு கெத்துங்க. யாருக்கும் சங்கடமில்லை பாருங்க."

வேறு நாளாக இருந்தால் சுருட்டிய ஒயரை அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரிந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது. சரி என்று நான் சொல்லவில்லை. முடியாது என்றும் வாயில் வரவில்லை. முடியாது என்றால் பேஸ் நாளைக்கே வீட்டு மூலைக்குப் போய்விடும். அவரும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒயர் முனையைக் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டேன்.

பந்தியில் எங்களுக்கு இலை போட்டிருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவேன். இப்போதெல்லாம் வலது பக்கம். பரிமாறுகிறவர் இலை ஓரத்தில் உப்பு வைத்துவிட்டுப் போனார். இவர் அதை விரலால் வெளியே தள்ளினார். முகம் தெளிந்து இருந்தது. ஆவணிக்கு முந்தைய மாதங்களில் இருந்த முகம்.

"பாத்தியா புள்ள, பெட்டி முதுகுக்குப் பின்னாலயே இருந்துச்சு. உறுமவே இல்ல. நீ ஒருக்காக்கூடக் கையத் தூக்கல."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்குத்தான் என்ற பேஸு ஒழுங்காக் கேட்டுச்சு. இல்ல?"

"ஆமாங்க, ரொம்ப நல்லாக் கேட்டுச்சு" என்றேன். அவருடைய வலது காதில் விழும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.